தூக்கணங்குருவியும் முக்குளிப்பானும்

புள்ளின் பெயர் வருமிடத்து 'ஒரு பறவை' என்றெழுதி அமைதல் உரைகாரர் சிலர்க்கு வழக்கம். அவ்வளவில் நின்றால் தீங்கு சிறிதே. முக்குளிப்பானை 'முழுகும் வாத்து' என விளக்கும் விடைத்தாள்களோ ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. எனவே அதனைத் தூக்கணங்குருவியோடு ஒப்பவைத்து ஈண்டு நோக்குவோம். பொள்ளாச்சித் தோப்புகளின் கிணற்றோரத் தென்னைகளில் முன்னதன் கூட்டினையும், கோவைக் குளங்களில் பின்னதனையும் மாணவர் நேரிற் காணலாம்.

இரண்டும் காரணப்பெயர்களே. தூங்குதலின் பழம்பொருள் தொங்குதல். ஆதலின் முன்னது கூட்டாற் பெயர் பெற்றது. குறுந்தொகை 374ஆம் பாட்டு, பனையில் தொடுத்த அக்கூட்டினும் ஊர் மிக மயங்கியது என்கிறது. புறநானூறு 225இல் ஆலத்தூர் கிழார் கூறும் உவமை இன்னும் நுட்பமானது. சோழன் நலங்கிள்ளி கேட்பான் என்றஞ்சி, ஏனை மன்னர் ஒருபுறம் தொங்கவிட்ட வலம்புரிச் சங்கு இக்கூட்டை ஒத்திருந்தது. அவன் மறைந்தபின் அது காலையில் ஒலிக்கக் கேட்டுப் புலவர் நோகிறார். சங்கு கூட்டை ஒத்தது எங்ஙனம்? தொங்குதல் ஒன்றே பொதுத்தன்மை என்பார் கூட்டை உற்றுநோக்காதவர். சாலிம் அலி 1931இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூட்டை நெய்வது ஆண்குருவி. பாதி முடிந்த நிலையில் பெடை வந்து ஏற்றபின்னரே எஞ்சிய பணி நிறைவுறும். வயிறு பருத்து, கீழ்நோக்கிக் குழல்போல் வாய் நீள்வது அந்நிறைவிலேதான். புலவர் கண்டது முற்றிய கூடு என்பது இதனாற் பெறப்படும். பாதிக்கூட்டிற்குச் சங்கு உவமையாகாது.

முக்குளிப்பான் தொழிலாற் பெயர் பெற்றது. முழுகுதல் ஒன்றுபற்றி அதனை வாத்தென்றல் பொருந்தாது. வாத்தின் முன்விரல் மூன்றும் சவ்வால் இணைந்தவை. இதற்கோ விரல்தோறும் தனித்தனி மடல் உண்டு. அலகு தட்டையன்று, கூரியது. கால்கள் உடலின் கடைக்கோடியில் அமைந்தமையால் நீருள் விரைந்து செல்லும்; கரையில் நடக்க இடர்ப்படும். மரபணு ஆய்வுகள் இவ்வினத்திற்கு நெருங்கிய உறவாகக் காட்டுவது, வியப்பாயினும், பூநாரையையே.

கூட்டிலும் வேற்றுமை பெரிது. குருவி பெரும்பாலும் நீர்க்கு மேலே கூட்டைத் தொங்கவிடும். முக்குளிப்பான் நீர்ப்பாசியும் தண்டும் குவித்து நீர்மேலேயே மிதக்கவிடும். இரை தேடப் புறப்படுமுன் முட்டைகளை அப்பாசியால் மூடிச்செல்லும். அவ்வேளையிற் காண்பார்க்கு அது கூடெனவே தோன்றாது.