வீட்டின் மேலாடை

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரமாகும். அங்குள்ள தொழிற்சாலைகளில் உழைப்போருள் பிற ஊர்களிலிருந்து வந்தவர் பலர். நாகப்பட்டினம், மயிலாடுதுறை முதலிய கடலோர மாவட்டத்தாரும் அவர்களுள் உளர். பொங்கல் திருநாளுக்கு ஊர் திரும்பும் அவர்களுட் சிலர், தாம் அரும்பாடுபட்டு எழுப்பிய வீட்டின் புறச்சுவரில் காரை பொரிந்து உதிர்ந்திருப்பதையும், பாசி படர்ந்திருப்பதையும் கண்டு வருந்துவதுண்டு. செங்கல் ஒன்றே, சிமெண்டும் ஒன்றே. அவ்வாறிருக்க, உள்நாட்டில் நெடுங்காலம் நிற்கும் சுவர் கடற்கரையில் விரைந்து கெடுவானேன்?

திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பது. அங்கு ஓராண்டிற் பெய்யும் மழையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மழை நாகப்பட்டினத்தில் பெய்கிறது. அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில், வடகிழக்குப் பருவக்காற்றோடு சாய்ந்து வந்து சுவரின்மேல் மோதுகிறது. எனினும் மழை மட்டுமே பகையன்று. அதனோடு கூடிவரும் உப்பே பெரும்பகை.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வந்து சுவரிற் படியச் செய்கிறது. அவ்வுப்பு மழைநீரிற் கரைந்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகளின் வழியே சுவருள் புகுகிறது. வெயில் காய்ந்ததும் நீர் ஆவியாகிறது. உப்போ உள்ளேயே தங்கிப் படிகமாகிறது. வளரும் படிகம் தன்னைச் சூழ்ந்துள்ள காரையை நெருக்கிப் பிளக்கிறது. சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்று மக்கள் கூறுவது இதனையே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைக் கடந்தால் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கசியும். ஆதலின் மழை இல்லாத நாளிலும் அச்சுவர் ஓதம் காத்து நிற்கிறது.

கான்கிரீட்டின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளையும் உப்பு விட்டுவைப்பதில்லை. கம்பி துருப்பிடித்தால் அத்துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்வழுத்தம் தாங்காது கூரைத்தளத்தின் அடிப்பகுதி வெடித்து வீழ்கிறது. கழுவாத கடல்மணலையும் உவர்நீரையும் கட்டட வேலைக்குக் கொள்ளலாகாது என்று பொறியாளர் வலியுறுத்துவது இது கருதியே ஆகும்.

நனையாத சுவரைக் கடற்கரையிற் காண்டல் அரிது. நனைந்த சுவர் மீண்டும் உலர வழி உண்டா என்பதே வினா. இதற்கு விடை திருப்பூரின் பின்னலாடையிலேயே உண்டு. பருத்தி நூலாற் பின்னிய பனியன் வியர்வையை உறிஞ்சிக் காற்றிற் பரவவிடுகிறது. மழைத்தாள் சட்டையோ புறநீரைத் தடுப்பினும், உள்ளே சுரக்கும் வியர்வையை வெளிச்செல்ல விடுவதில்லை. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு பருத்தியாடை போன்றது. காற்றுப் புகாத வண்ணப்பூச்சு மழைத்தாள் சட்டை போன்றது. ஓதம் ஏறிய சுவரை அத்தகைய பூச்சால் மூடினால், உள்ளே அகப்பட்ட நீர் வெளியேற இயலாமல் பூச்சைக் கொப்புளமாக எழுப்பி உரித்துவிடும்.

முன்னோர் கடற்கரையிற் கிடைத்த கிளிஞ்சலைக் காளவாயிற் சுட்டு, நீரூற்றி நீற்றிச் சுண்ணாம்பு செய்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் காரை அரைத்தனர். சுவரிற் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே இறுகுகிறது. அதன் காரத்தன்மை பாசியையும் எளிதில் வளரவிடுவதில்லை.

தரங்கம்பாடி இதற்குச் சான்றாகும். 1620 ஆம் ஆண்டில் டேனியர் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை, பலமுறை பழுதுபார்க்கப்பெற்று இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், அவ்வூரின் பழைய வீடுகள் சிலவற்றை இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு நிறுவனத்தார் சுண்ணாம்புக் காரையைக் கொண்டே புதுப்பித்தனர். அவ்வீடுகளின் சாய்ந்த ஓட்டுக் கூரையும், முன்நீண்ட தாழ்வாரமும், உயர்ந்த திண்ணையும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. தாழ்வாரம் சாரலைத் தடுக்கிறது. திண்ணை, தரையில் விழுந்து தெறிக்கும் நீரைச் சுவருக்கு எட்டாமல் விலக்குகிறது.

இக்காலத்துச் சிமெண்டு வீட்டிற்கும் இவ்வுண்மை பொருந்தும். அதனைப் பேணும் முறை எளிது. புரட்டாசித் திங்களில் மாடியைப் பெருக்கி, நீர் வடியும் குழாய்களில் அடைத்துள்ள சருகை அகற்றவேண்டும். விலகிய ஓடுகளைத் திருத்தி, விரிசல்களை அடைக்கவேண்டும். சுவரின் அடியில் மண் குவிந்திருப்பின் அதனை வெட்டி எடுத்து, நீர் வீட்டை விட்டு விலகி ஓடுமாறு வாட்டம் அமைக்கவேண்டும். மழைக்காலம் கழிந்ததும் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அகற்றி, பாசியைத் தேய்த்து நீக்கி, பொரிந்த காரையைச் செதுக்கி எடுக்கவேண்டும். சுவர் நன்கு உலர்ந்த பின்னரே புதிய பூச்சுப் பூசுதல் நன்று. அதுவும் நீராவி வெளியேற இடந்தருவதாக இருத்தல் வேண்டும். ஈரத்தை மறைக்கப் பூசும் பூச்சு, நோயை மறைக்க அணியும் ஆடையை ஒக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓயும் காலமும் பொங்கல் திருநாளும் அடுத்தடுத்து வருகின்றன. போகியன்று கொங்குநாட்டார் இல்லங்களின் இறவாரத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைக் காப்பாகக் கட்டுவர். பொங்கலுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடித்தல் தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். மழையில் நனைந்த சுவரை ஆராய்ந்து செப்பனிட அதனினும் ஏற்ற காலம் வேறில்லை. தொலைவில் உழைப்போர் ஊர் திரும்பும் நாளும் அதுவே. அந்நாளில் ஒரு முழ விரிசலை அடைப்பார்க்கு ஒரு கூடைச் சுண்ணாம்பு போதும். அதனைப் பல்லாண்டு காணாது விடுவார்க்கோ, பல்லாண்டு உழைப்பின் பயனே மீண்டும் செலவாகும்.