உஷார்! ஸ்நோ புளோவர் நகர மறுத்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

டொராண்டோவில் பனிப்புயல் ஓய்ந்த காலை. டிரைவ்வேயை ஒருவழியாகத் துப்புரவாக்கி முடிக்கிற நேரம் பார்த்துத்தான் மாநகராட்சியின் பனி வாரும் வண்டி வரும். தெருப்பனியை நம் வாசலில் வரப்புபோல ஒதுக்கிவிட்டுப் போய்விடும். உப்பும் ஈரமும் ஏறிக் கெட்டித்துப்போன பனி அது. பனியை வாரி வீசும் ஸ்நோ புளோவரைக் கொண்டுபோய் அதில் முட்டும்போதுதான் பலருக்குக் கோளாறே தெரிகிறது. எஞ்சின் உறுமுகிறது, முன்னால் பனியை வாரும் திருகு, அதாவது ஆகர், சுற்றுகிறது, சக்கரம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

ஆபத்து இனிமேல்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது, குளிரில் விரல் விறைக்கிறது. அந்த எரிச்சலில் டிரைவ் லிவரைக் கம்பியால் கைப்பிடியோடு கட்டிவிடுகிறார்கள் சிலர். இன்னும் சிலர் அடிமூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓட ஓடவே உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டுமே விரலுக்கு உலை வைக்கும். கையை எடுத்ததும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த லிவரே இருக்கிறது. அதைக் கட்டிவைத்துவிட்டு வழுக்கி விழுந்தால், நிற்காமல் ஓடும் இயந்திரத்தை யார் நிறுத்துவது?

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். வீடுகளில் உள்ள இரண்டு கட்ட இயந்திரங்கள் (ஆகர் வாரிய பனியை ஒரு விசிறி வெளியே எறியும் வகை) பலவற்றில் சக்கரத்தை ஓட்டக் கியர்பெட்டி கிடையாது. எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் ஓர் உலோகத் தட்டைச் சுழற்றுகிறது. ரப்பர் விளிம்பு கொண்ட சக்கரம் ஒன்று, தட்டின் முகத்தில் செங்குத்தாக அழுந்தி உரசி அந்தச் சுழற்சியை வாங்கிக்கொள்கிறது. ரப்பர் தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தால் வேகம் கூடும், நடுவை நெருங்கினால் குறையும், நடுவைத் தாண்டினால் ரிவர்ஸ். அந்த மெல்லிய ரப்பர் விளிம்பு தேய்ந்துவிட்டால் லேசான பனியில் சமாளிக்கும், கனத்த பனியில் வழுக்கும். அதற்கும் மேல் ஓட்டினால், ரப்பரைத் தாங்கும் உலோக விளிம்பு தட்டையே சுரண்டத் தொடங்கும். பல மாடல்களில் தட்டு அலுமினியம் என்பதால் சீக்கிரமே பள்ளம் விழும். ரப்பரோடு போயிருக்க வேண்டிய செலவு தட்டுக்கும் ஏறிவிடும். வழுக்கல் தெரிந்த அன்றே ஓட்டுவதை நிறுத்துவதுதான் லாபம்.

ஆனால் ரப்பர்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பனி இல்லாத இடத்தில் சோதியுங்கள். முன்னோக்கு வேகத்தில் வைத்து, லிவரை விட்டுவிட்டு இழுத்தால் வண்டி உருள வேண்டும். லிவரை அழுத்திப் பிடித்து இழுத்தால் சக்கரம் முரண்டு பிடிக்க வேண்டும். அப்போதும் தாராளமாக உருண்டால் எங்கோ பிடி விட்டுப்போயிருக்கிறது. லிவரின் கேபிள் தளர்ந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம், தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். உள்ளே இருக்கும் தண்டுக்குக் கிரீஸ் போடுகிறேன் என்று அள்ளிப் பூசுபவர்கள் கவனிக்க: சுழலும்போது அது தெறித்து ரப்பரில் படும், அப்புறம் புது ரப்பரும் வழுக்கும்.

கராஜின் கதகதப்பிலிருந்து வெளியே வந்ததும் வழுக்கினால், தட்டில் படிந்த ஈரம் உறைந்திருக்கக்கூடும். வேலை முடிந்ததும் இயந்திரத்தை வெளியிலேயே சில நிமிடம் ஓடவிட்டு ஈரத்தை உதறிய பிறகு உள்ளே வைப்பது நல்லது. கராஜுக்குள் ஓடவிடக் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது வீட்டுக்குள் நுழைந்தது தெரியாமலேயே ஆள் மயங்கி விழுவார்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சும்மா இருந்தால் அச்சில் உள்ள பின்னைப் பாருங்கள். அறுந்திருக்கலாம். சில மாடல்களில் அச்சு நுனித் துளையில் பின்னை மாட்டினால் அந்தச் சக்கரம் தனியாக உருளும். அதை அப்படியே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு சக்கரமும் சுழன்றும் வண்டி நகராவிட்டால் அது கோளாறே இல்லை, கீழே ஐஸ்.

எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை வைத்திருப்போர் ரப்பரைத் தேடி அலைய வேண்டாம், அதில் அந்த ஏற்பாடே இல்லை. தள்ளிக்கொண்டு போவதற்காகத் திறந்த விடுவிப்பு லிவர் அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பரை மாற்ற, பெரும்பாலும் இயந்திரத்தை முன்பக்கம் குப்புறச் சாய்க்க வேண்டியிருக்கும். சாய்ப்பதற்கு முன் பெட்ரோலை வடித்துவிடுங்கள். மூடியோரம் கசிந்து தரையில் ஓடும் பெட்ரோல் தீப்பிடிக்க, பக்கத்தில் இருக்கும் வாட்டர் ஹீட்டரின் சுடரே போதும்.

வரப்புப் பனி சக்கரத்தை நிறுத்துவதோடு விடாது, ஆகரையும் பனியை வெளியேற்றும் குழாயையும் அடைத்துவிடும். எஞ்சினை அணைத்தாயிற்றே என்று கையை விடாதீர்கள். சிக்கிய விசிறியில் பெல்ட்டின் முறுக்கம் தேங்கி நிற்கும். அடைப்பு விலகிய கணத்தில் அது ஒரு சுற்று சுற்றும், விரலைத் துண்டிக்க அந்த ஒரு சுற்றே அதிகம். வட அமெரிக்காவில் கை அறுவை மருத்துவர்கள் பனிக்காலந்தோறும் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். அடைப்பை எடுக்க, இயந்திரத்தோடு வரும் கோல் இருந்தால் அது, இல்லையென்றால் ஒரு கெட்டியான தடி. ஆகரில் அறுந்த ஷியர் பின்னுக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டை முறுக்குவதும் வேண்டாம். பின் அறுவது ஆகரின் கியர்பெட்டியைக் காப்பாற்றத்தான்.

எல்லாம் சரிசெய்த பிறகு ஒரு பரீட்சை மிச்சம் இருக்கிறது. திறந்த வெளியில், ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்து நகர்த்தி, லிவரை விடுங்கள். உடனே நிற்க வேண்டும். கொஞ்சமாவது ஊர்ந்தால் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். அதைத் தளர்த்தாமல் வாசல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.