ரேடியேட்டரைத் தின்னும் உப்பு

பழவேற்காடு ஏரியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கரிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது உப்பு குறைகிறது. கோடையில் நீர் ஆவியாகி, முகத்துவாரமும் மண்ணேறி அடைபட்டால், கடலைவிடக் கூடுதலாகவே கரிக்கும். இந்த நீருக்கு நடுவில்தான் பசியாவரம் போன்ற மீனவர் கிராமங்கள் இருக்கின்றன. இங்கே பிடிபடும் இறாலையும் நண்டையும் பொன்னேரிக்கும் சென்னைக்கும் ஏற்றிச்செல்லும் வண்டிகளின் ரேடியேட்டரை, வெயிலைவிட உப்புதான் அதிகம் கெடுக்கிறது.

உப்பு இரண்டு வழிகளில் தாக்குகிறது. முதலாவது கடற்காற்று. அது ஈரத்தோடு உப்பையும் கொண்டுவந்து, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் படியவைக்கிறது. தகடுகள் அரித்து உதிர்ந்தால் சூட்டைக் காற்றுக்குக் கடத்த இடமில்லை.

இரண்டாவது, நாமே ஊற்றும் தண்ணீர். இன்றைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துளைத்த இடத்தில் அரிப்பு ஆழமாக இறங்கும். குழாய்ச் சுவரோ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசித்துளை விழுந்து நீர் கசியத் தொடங்கிவிடும். கடின நீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப்போல, சுண்ணாம்பு குழாய்க்குள்ளும் என்ஜினின் நீர்ப்பாதைகளிலும் படிந்து சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கிறது.

வழியில் கிடைக்கும் போர் தண்ணீரை நம்ப முடியுமா? சென்னையின் தேவைக்கும் பாசனத்துக்குமாக நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததால், மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது. அங்கே தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் உப்பு இருக்கலாம்.

என்ஜின் அளவுமீறிச் சூடாக உப்பைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொள்ளலாம், தண்ணீர் பம்பு தேயலாம், மின்விசிறி நின்றுபோகலாம், ஓஸ் வெடிக்கலாம். பலர் கவனிக்காதது ரேடியேட்டர் மூடி. அது உள்ளே ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரி வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். அதே அழுத்தத்தால்தான், சூடான வண்டியில் மூடியைத் திறப்பவரின் முகத்தில் கொதிநீர் பீறிடுகிறது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

கூலன்ட் குளிர் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அது கொதிநிலையை உயர்த்துகிறது. அதிலுள்ள வேதிப்பொருள்கள் அரிப்பைத் தடுக்கின்றன. வண்டி நிறுவனம் சொல்லும் வகையை, டிஸ்டில்டு வாட்டருடன் குறித்த அளவில் கலந்து ஊற்றி, உரிய காலத்தில் மாற்ற வேண்டும். கடலோரத்தில் ஓடும் வண்டியின் ரேடியேட்டர் தகடுகளை, என்ஜின் ஆறியபின் நல்ல தண்ணீரால் மெதுவாக அலசுவதும் பலன் தரும்.

வடித்த பழைய கூலன்டைத் தரையிலோ ஏரிக்கரையிலோ ஊற்றக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கிவிடும். அதைக் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். வண்டியைக் காக்கும் பொருள், அந்த வண்டிக்கு மீன் தரும் ஏரியைக் கெடுக்க விடலாகாது.