உளுந்துக்கும் டைனோசருக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

உளுந்தூர்பேட்டையில் ரயில் ஏறி விருத்தாசலம், பெண்ணாடம் தாண்டினால் அரியலூர். ஒரு காலத்தில் அது கடல், தெரியுமா? சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் குழிகளில் இன்றும் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன!

அதே வட்டாரத்தில், கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987-இல் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் சூட்டிய பெயர் பிருகத்காயோசாரஸ். உலகிலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன, குறிப்புகளும் படங்களும்தான் மிச்சம். நினைத்தால் வயிறு எரிகிறது.

செந்துறைப் பக்கம் நின்னியூரின் சுண்ணாம்புப் பாறையோ டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது. இரண்டு யுகமும் ஒரே மாவட்டத்தில்!

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் விழுந்ததில்தான் டைனோசர்கள் அழிந்தன. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு கொட்டிக்கொண்டிருந்த காலமும் அதுதான். அப்போது நம் பாலூட்டி இனம் எங்கே இருந்தது? தெலங்கானாவின் நஸ்கலில், குழம்பு அடுக்குகளுக்கு நடுவே! ஆய்வாளர்கள் பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988-இல் அறிவித்த டெக்கனோலெஸ்டஸ்தான் அந்தப் பாலூட்டி. முதலில் கிடைத்தவை பற்கள் மட்டுமே, அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பிறகு கிடைத்த கணுக்கால் எலும்பு, அது மரமேறி என்று காட்டிக்கொடுத்தது.

மாட்டுக்கும் நாய்க்கும் சிவப்பும் பச்சையும் ஏன் பிரிந்து தெரிவதில்லை, தெரியுமா? டைனோசர்களுக்கு ஒளிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் இருட்டிலேயே இரை தேடியதில் பாலூட்டிகளுக்கு நிறம் பிரிக்கும் திறன் குறைந்துபோனது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இப்போது உளுந்துக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோவில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடம். விண்கல்லுக்குத் தப்பிய பாலூட்டிகளில் பெரியதே பெருச்சாளி அளவுதான் இருந்தது. ஒரு லட்சம் ஆண்டில் 6 கிலோ. மூன்று லட்சத்தில் 25 கிலோ. ஏழு லட்சத்தில் 50 கிலோ! அந்தக் கடைசித் தாவல் நடந்த சமயத்துப் பாறையில் கிடைத்தது என்ன? அவரை, உளுந்து குடும்பத்தின் காய், உலகில் கிடைத்த மிகப் பழைய காய்களில் ஒன்று! புரதம் நிறைந்த அந்தத் தீனிதான் உடம்பை வளர்த்திருக்கும் என்பது 2019-இல் வெளியான ஆய்வின் கணிப்பு. நம் வயல் வரப்பில் காய்த்துக் கிடக்கிறதே, அதன் ஆதிகாலத்துச் சொந்தம்!

டைனோசர்களுக்குப் பிறகு வந்த பாலூட்டிகளில் இன்னொன்று. ஜம்முவின் கலாகோட்டில் ஆய்வாளர் ரங்கராவ் சேகரித்த பாறைகளில் இந்தோஹியஸ் என்ற பிராணி இருந்தது. சின்ன மான் போன்ற உருவம், நாலு கால், குளம்பு, வயது 4.8 கோடி ஆண்டு. அதன் காதெலும்பின் உட்சுவர் தடித்திருப்பதை 2007-இல் ஆய்வாளர் தேவிசனின் குழு அறிவித்தது. அப்படித் தடித்த காதெலும்பு திமிங்கல இனத்துக்கே உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். கடலின் நீலத் திமிங்கலத்துக்கு நெருங்கிய பங்காளி, ஜம்மு மலையடிவாரத்தில் குளம்போடு திரிந்திருக்கிறது!