கிட் மாற்றும் ‘கைரேகை’: உங்கள் பழைய ரெப்போ என்ன ஆகும்?

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு கிட் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றை 2005 முதல் காத்துவரும் அந்தக் கருவி, தன் அடித்தளத்தையே மாற்றத் தயாராகிறது. ‘ஷா-1’ மெல்லப் பின்வாங்க, ‘ஷா-256’ முன்னுக்கு வருகிறது.

ஷா-1 என்றால் என்ன?

ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்தில் இருந்தே கிட் ஓர் அடையாளத்தைக் கணக்கிடுகிறது. ஒரு கமா மாறினாலும் அடையாளம் மாறிவிடும். கைரேகை மாதிரிதான். ஷா-1 கைரேகையின் நீளம் 40 எழுத்து. ஷா-256 என்றால் 64.

ஏன் மாற்ற வேண்டும்?

இரண்டு பேருக்கு ஒரே கைரேகை இருந்தால்? 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் அதைத்தான் செய்து காட்டின. உள்ளே இருப்பது வேறு வேறு, ஆனால் ஷா-1 ஒன்றே என்று இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன.

அந்தக் கோப்புகளைச் சோதனைக்காக வெப்கிட் பிரவுசர் திட்டத்தின் ரெப்போவில் ஏற்றியபோது, அங்கிருந்த சப்வெர்ஷன் மென்பொருள் குழம்பிப்போனது. புதிய கமிட் எதுவும் ஏறவில்லை.

கிட் அப்போது தப்பியது. கோப்பின் வகையையும் அளவையும் முன்னால் சேர்த்தே அது கணக்கிடுவதால், அதே இரண்டு கோப்புகள் கிட்டில் மோதவில்லை. 2017 மே மாதம் வந்த 2.13 பதிப்பில், இத்தகைய போலிகளைப் பிடிக்கும் சோதனையும் சேர்ந்தது. அதற்காக ‘தப்பிச்சாச்சு’ என்று சும்மா இருக்க முடியாது. 2030 டிசம்பர் 31-க்குள் ஷா-1-ஐக் கைவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஷா-256 வசதி 2020-லேயே 2.29 பதிப்பில் சோதனை முயற்சியாக வந்துவிட்டது. 2023-இல் வந்த 2.42 பதிப்பில் ‘சோதனை’ என்ற முத்திரையும் போனது. ஆனாலும் பழசை ஒரே நாளில் தூக்கிப் போட முடியவில்லை.

காரணம், ஒவ்வொரு கமிட்டுக்குள்ளும் அதற்கு முந்தைய கமிட்டின் அடையாளம் இருக்கிறது. முதல் கண்ணியை மாற்றினால் சங்கிலி முழுக்க மாறும். டிஜிட்டல் கையொப்பங்கள் செல்லாமல் போகும். பழைய மெயிலிலும் பக் ரிப்போர்ட்டிலும் குறித்துவைத்த எண்கள் எதையும் காட்டாது. தவிர, ஷா-1 ரெப்போவுக்கும் ஷா-256 ரெப்போவுக்கும் இடையே நேரடியாக புஷ், புல் செய்ய முடியாது. ஒரு குழு மாறினால் எல்லோரும் சேர்ந்தே மாற வேண்டும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

கிட் 3.0-இல், புதிதாக உருவாக்கும் ரெப்போக்களுக்கு மட்டும் ஷா-256 இயல்பான தேர்வாகும் என்பது திட்டம். பழைய ரெப்போக்கள் வழக்கம்போல ஓடும். ஷா-1-ஐ அடியோடு நீக்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை.

சிக்கல் வரக்கூடிய இடம் உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்தான். கமிட் அடையாளம் என்றாலே 40 எழுத்து என்று டேட்டாபேஸிலோ பில்ட் கருவியிலோ எழுதி வைத்திருந்தால், 64 எழுத்து வரும் நாளில் அது உடையும். அதை இப்போதே தேடித் திருத்திவிடுவது நல்லது.