தன்னார்வச் சங்கங்களும் எழுதப்பட்ட விதிகளும்

நற்பணி மன்றம், படிப்பகம், குடியிருப்போர் நலச் சங்கம் போன்றவை பெரும்பாலும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையில் தொடங்கப்படுகின்றன. எனினும் சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் இடமும் உண்டான பின்னர், அவற்றின்மீது யாருக்கு என்ன அதிகாரம் என்பதை எழுத்து வடிவிலான விதிகளே வரையறுக்க இயலும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, இதற்கான அடிப்படையை வகுத்துள்ளது. பதிவு கோரும் சங்கம் தன் நோக்கங்களைக் கூறும் அமைப்புக் குறிப்பையும், அன்றாட நிர்வாக முறையைக் கூறும் துணை விதிகளையும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்றும், அவர்களது பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது. துணை விதிகளைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதாவது, முறையான முன்னறிவிப்புடன் கூட்டப்பட்ட பொதுக்குழுவில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் அதனை ஆதரிக்க வேண்டும்.

பதிவை விரைந்து முடிப்பதற்காக வேறொரு சங்கத்தின் விதிகளை அப்படியே படியெடுத்துக் கொடுப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. ‘குழு தேவைப்படும்போது கூடும்’ என்ற விதி, கூட்டமே நடத்தாத செயலாளருக்குக் கேடயமாகிவிடும். மாறாக, ‘குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும், ஏழு நாள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும், காசோலையில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும்’ என்று எழுதப்பட்டிருந்தால், மீறல் நிகழ்ந்ததைத் தீர்மானப் புத்தகமும் வங்கிப் பதிவுமே காட்டிக்கொடுத்துவிடும். உறுப்பினரை நீக்கும் முன் விளக்கம் கேட்பது, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, பதவி விலகுவோர் கணக்கையும் ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டிய கெடு ஆகியவையும் விதிகளில் இடம்பெறுவது இன்றியமையாதது.

விதி மீறப்படும்போது, உறுப்பினர் முதலில் எழுத்து மூலம் குழுவிடம் விளக்கம் கேட்டு, அதன் நகலைப் பாதுகாக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாதோர் விண்ணப்பித்தால், சட்டத்தின் 36ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். உரிமை குறித்த சிக்கலான பூசல்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்தை நாட நேரலாம். இவ்விரு இடங்களிலும் முதலில் கேட்கப்படுவது துணை விதிகளின் நகலே. ஆகவே, சங்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் சந்தா செலுத்தும் நாளிலேயே அந்நகலைக் கேட்டுப் பெற்றுப் படித்துவிடுவது நன்று.