தூரத்து அறிமுகமும் புது வேலையும்

தொழில்முறைச் சமூக வலைத்தளம் என்பது ஒருவரின் படிப்பு, வேலை அனுபவம், தொழில் அறிமுகங்கள் எல்லாவற்றையும் பிறர் தேடிப் பார்க்கும்படி வைக்கும் இணைய ஏற்பாடு. இவற்றில் பெரியதான லிங்க்ட்இன் 2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது; 2016இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது.

செஞ்சி போன்ற சிறிய ஊரில் வேலைச் சேதி பெரும்பாலும் உறவு வழியாக வரும். மாமா ஒரகடத்து ஆலையில் இருந்தால் மருமகனும் அங்கேயே போய்ச் சேருவான். நம்பிக்கைக்குக் குறைவில்லை, ஆனால் மாமாவுக்குத் தெரிந்த காலியிடம் சித்தப்பாவுக்கும் முன்பே தெரிந்திருக்கும். நெருங்கிய வட்டத்துக்குள் புதுச் சேதி அரிது.

சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். பாஸ்டன் அருகே நியூட்டனில் அறிமுகம் மூலம் வேலை மாறியவர்களில், சேதி சொன்னவரை அடிக்கடி சந்தித்துவந்தவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற ஆள்.

அது சிறிய ஆய்வு. லிங்க்ட்இன் தரவில் 2 கோடி பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று தளம் காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிச் சோதித்தார்கள். வேலை மாற அதிகம் உதவியது முன்பின் தெரியாதவரும் அல்ல, உற்ற நண்பரும் அல்ல. பொதுவான அறிமுகங்கள் சுமார் பத்துப் பேர் உள்ள இடைப்பட்ட தொடர்பு. இன்னொன்றும் தெரிந்தது: கணினி சார்ந்த துறைகளில் தூரத்துத் தொடர்பு பலன் தந்தது; கணினிமயம் குறைந்த துறைகளில் நெருங்கிய தொடர்பே கைகொடுத்தது. ஆலை வேலைக்கு மாமாவை நம்புவது பழைய பழக்கம் மட்டுமல்ல என்று இதிலிருந்து கொள்ளலாம்.

செஞ்சியிலிருந்து சென்னை ஐ.டி. நிறுவனத்துக்குப் போன ஒருவர் லிங்க்ட்இனில் வேறு கம்பெனியைத் தேடினால், அங்கே வேலை செய்பவர்களில் சிலரின் பெயரருகே ‘2nd’ என்ற குறி தெரியும். இடையில் ஒரே ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அந்த ஒருவர் கல்லூரி சீனியராகவோ பழைய டீம் ஆளாகவோ இருக்கலாம். அவர் மூலம் கேட்டால் ரெஃபரல் கிடைக்கலாம். சேர்ந்தவரைப் பரிந்துரைத்த ஊழியருக்குப் பல நிறுவனங்கள் போனஸ் தருவதால், கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கம், எச்.ஆர். ஆட்கள் திறன், ஊர், அனுபவ ஆண்டு போட்டுத் தேடுகிறார்கள். வேலை தேடுவதை அவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். தற்போதைய நிறுவனத்தின் எச்.ஆருக்குக் காட்டாமலிருக்கத் தளம் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை.